செய்யக்கூடியது

தனசீலன் காலையில் எழுந்ததும் முதலில் செய்யும் வேலை, ஒரு சாக்பீஸைத் தண்ணீரில் ஊறப்போடுவது. ஊறிய சாக்பீஸால் எழுதும்போது எழுத்து மங்கலாகத்தான் தெரியும். காய்ந்த பிறகோ பெயிண்டால் எழுதியதுபோல் வெளுத்து நிற்கும்; கை பட்டாலும் எளிதில் அழியாது. ஜெபம் முடித்து, மனைவி ஏஞ்சலம்மாள் தரும் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, ஒரு கையில் சாக்பீஸும் மறு கையில் ஈரத்துணியுமாக அவர் படியிறங்குவார். வாசல் காவலாளி நாற்காலியை நகர்த்தி வழிவிடுவான்.

செம்பூரில் அந்தக் குடியிருப்புக்கு 'நிர்மல் தாரா சொசைட்டி' என்று பெயர். அதன் வாசல் சுவரில் இருந்த கரும்பலகையின் மேற்பாதியில் தண்ணீர் வராத நேரமும், பழுதான லிஃப்டும், பராமரிப்புக் கூட்டமும் இடம்பெறும். கீழ்ப்பாதி தனசீலனுடையது. அங்கே அவர் நாளுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதுவார். சொல்லுக்குக் கீழே பொருள், பொருளுக்குக் கீழே அது பிறந்த கதை, கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். டிராம்பே பக்கம் ஓர் ஆலையின் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதியே ஓய்வு பெற்றவர் அவர். சொசைட்டிக்குச் செயலாளர், தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் கமிட்டி உறுப்பினர். ஒரு சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டவன் அந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்த மாட்டான் என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை.

அந்த வாரம் கட்டடத்தின் பின்புறம் இருந்த கழிவுத்தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. உறிஞ்சும் குழாய் பொருத்திய லாரி வந்தால் வேலை எளிதில் முடிந்துவிடும். ஆனால் லாரி வரவேண்டிய வழியில் பந்தல் நின்றது. சொசைட்டியின் தலைவர் ராஜகுமார் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் மகேஸ்வரிக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். வெள்ளிக்கிழமை மாலை, படிக்கட்டின் கீழுள்ள சிறிய அலுவலக அறையில் கமிட்டி கூடியது.

"லாரி உள்ள வரணும்னா பந்தலைப் பிரிக்கணும் அண்ணாச்சி," என்றார் ராஜகுமார். "பிரிச்சா திரும்பக் கட்ட ஆளு கெடைக்காது, முகூர்த்த சீசன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உல்லாஸ்நகர்ல பெரிய ஆளுங்க. வந்து மூக்கப் பொத்திக்கிட்டா வெத்தல பாக்கு மாத்துவாங்க?"

"ஆத்மி கோ அந்தர் உதார்னா மனா ஹை நா?" என்று கேட்டார் பொருளாளராக இருந்த மராத்தி அம்மாள். ஆளை உள்ளே இறக்குவது குற்றம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர் அந்த அறையில் யாரும் இல்லை.

எல்லோரும் தனசீலனைப் பார்த்தார்கள். சிக்கலான வேளைகளில் அவரிடம் ஒரு சொல் இருக்கும்.

"மெஷின் இஸ் நாட் ஃபீஸிபிள்," என்றார் அவர் நிதானமாக. "மேனுவல் இஸ் ஃபீஸிபிள்."

அறையில் இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். அடுத்த பொருளாக வாகன நிறுத்தம் பேசப்பட்டது.

குழந்தைகளுக்குச் சொல்லத்தக்க ஒரு கதை உண்டு. காட்டில் ஒரு சுனை அடைத்துக்கொண்டது. யானை, மான், மயில் எல்லாம் கூடி, அடைப்பை எடுக்க முடியுமா என்று ஆராய்ந்தன. பாறையிடுக்கு குறுகலானது, ஆனாலும் முடியும் என்றது யானை. உள்ளே இருட்டு, ஆனாலும் முடியும் என்றது மயில். முடியும் என்று தீர்மானம் ஆன பிறகு, மான் போய்க் கீரிப்பிள்ளையை அழைத்து வந்தது. கூட்டத்தில் கீரிப்பிள்ளைக்கு இடம் போடப்படவில்லை. சுனையில் மறுபடி நீர் வந்ததா என்பதைக் கதை சொல்லும். கீரிப்பிள்ளை வெளியே வந்ததா என்று குழந்தைகள்தாம் கேட்பார்கள்.

தனசீலன் அன்றே ஸ்டெர்லினுக்குப் போன் செய்தார். ஸ்டெர்லின் சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் இருப்பவன். சாக்கடை அடைப்பு எடுப்பது அவன் தொழில். அதே சபையில் கடைசி வரிசையில் உட்காருபவன். அவன் மனைவி ஜெனி; மகள் லிசாவுக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தந்தவர் தனசீலன்.

"ஸ்தோத்திரம் அய்யா."

"ஸ்தோத்திரம். நாளைக்கு நம்ம சொசைட்டியில ஒரு வேலை இருக்கு, வாறியா?"

"மேல நின்னு அள்ளுததா, உள்ள எறங்குததா அய்யா?"

"வந்து பாரேன். பாத்துட்டுச் சொல்லு."

"எறங்குத வேலைய விட்டுட்டேன் அய்யா. ஜெனி சத்தியம் வாங்கியிருக்கா."

"நம்ம ஆளுன்னுதானப்பா கூப்பிடுதேன். வேற எவனையோ கூப்பிட்டு, அவன் போலீசு அது இதுன்னு லஃப்டா பண்ணவா?"

சபைக் கமிட்டி ஐயா கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் கடைசி வரிசையில் கிடையாது.

"சரிங்கய்யா," என்றான் ஸ்டெர்லின்.

மறுநாள் காலை பலகையில் அந்தச் சொல்லே ஏறியது. முந்தின மாலை தாம் சொன்ன சொல்லைப் பெரிய அகராதியில் ஒருமுறை சரிபார்த்திருந்தார் தனசீலன். ஃபீஸிபிள்: செய்யக்கூடியது, கைவசமுள்ள வழிகளால் நிறைவேற்றத்தக்கது. பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் லத்தீனின் 'ஃபாகெரே'. அதற்குச் 'செய்தல்' என்று பொருள். வெறுமனே நடக்கக்கூடும் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. மழை பெய்யக்கூடும், ஆனால் மழையை யாரும் செய்வதில்லை. ஆகவே மழை ஃபீஸிபிள் ஆகாது. எடுத்துக்காட்டு வாக்கியமாக, சனிக்கிழமை மாலைக்குள் வேலையை முடிப்பது ஃபீஸிபிள் என்று எழுதினார்.

ஸ்டெர்லினும் அவன் கூட்டாளி ஜமாலும் கயிறும் வாளியுமாக வந்தபோது எழுத்து இன்னும் காயவில்லை. ஸ்டெர்லின் போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தான்.

"என்னல இது? ஒனக்குத் தமிழே தடவித் தடவித்தான் வருது," என்றான் ஜமால்.

"லிசாவுக்கு அனுப்புதேன். அவ வாசிச்சு எனக்குப் பரீட்ச வைப்பா. போன மாசம் அனுப்புனதுக்கு எனக்கு சைபர்." ஸ்டெர்லின் சிரித்தான். வாசலில் நின்ற தனசீலனைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டான். "இதுக்கு என்ன அர்த்தம் அய்யா?"

"செய்யக்கூடியது. செய்ய முடியுறது."

"அப்பம் நம்ம வேலதான், வாடே," என்று ஜமாலின் முதுகில் தட்டிவிட்டுப் பின்பக்கம் போனான்.

மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டார்கள். பிறகு வாளியைக் கயிற்றில் கட்டி அள்ளினார்கள். பாதிக்கு மேல் வாளி பயன்படவில்லை. அடியில் இறுகிய சகதியும், குழாயின் வாயில் ஏதோ அடைப்பும் இருந்தன. ஸ்டெர்லின் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அடியில அடச்சிருக்கு அய்யா. ஃபங்ஷன் முடிஞ்சு பந்தலப் பிரிச்சப்பெறவு லாரியக் கூப்பிடுங்க. இது வாளிக்கு ஆகாது."

"பிரிச்சப்பெறவா? நாளைக்கு நிச்சயம்ப்பா!" என்றார் பக்கத்தில் நின்ற ராஜகுமார். "இத்தனை நேரம் அள்ளி, நாத்தம் முன்னைக்கு ரெண்டு மடங்கா ஆனதுதான் மிச்சம்."

ஸ்டெர்லின் ராஜகுமாரைப் பார்க்கவில்லை, தனசீலனைப் பார்த்தான். தனசீலன் மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறு கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, மெல்லத் தாழ்த்திக் காட்டினார். பிறகு இன்னொரு முறை காட்டினார்.

ஸ்டெர்லின் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். ஜமால் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். "சீக்கிரம் ஏறிரு," என்று ஜமால் சொன்னதற்கு, "டீ சொல்லி வையி," என்று உள்ளிருந்து பதில் வந்தது. அதன்பின் உள்ளிருந்து பேச்சு வரவில்லை. கயிறு ஒரு முறை இழுபட்டது. ஜமால் இழுத்தபோது முடிச்சு அவிழ்ந்து வெறுங்கயிறு மேலே வந்தது. ஜமால் தானும் குதிக்கப் போனான். காவலாளி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினான்.

தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்து, பந்தலைக் கண்டு நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கயிறுகளை வெட்டினார்கள், மூங்கில்களைச் சாய்த்தார்கள். பூவேலை செய்த துணி தரையில் விழுந்தது, வண்டி அதன்மேல் ஏறிப் பின்பக்கம் போனது. ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் பந்தல் இருந்த இடம் வெறுமையாகிவிட்டது. தனசீலன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டெர்லினை வெளியே கொண்டுவந்தபோது அவன் உடலில் உயிர் இல்லை.

போலீஸ் நிலையத்துக்குப் போகும் வழியில், காருக்குள், ராஜகுமார் தாழ்ந்த குரலில் பேசினார்.

"மேல நின்னு அள்ளத்தான் கூப்பிட்டோம். அவனா எறங்கினான். குடி வாடை அடிச்சுதுன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடுங்க அண்ணாச்சி, கேஸு அதோட முடிஞ்சிரும்."

"குடிக்கிறத அவன் விட்டுட்டானே."

"முன்ன குடிச்சவன்தானே? யாரு நம்ப மாட்டாங்க? டெஸ்ட் ரிசல்ட் வர மாசக்கணக்காகும். அதுக்குள்ள எல்லாம் ஆறிரும். நீங்க வாயத் திறந்து அவன எறங்கச் சொன்னீங்களா? இல்லைலா?"

"இல்லை," என்றார் தனசீலன். அது உண்மையாக இருந்தது. அதுவரை வாழ்ந்த நாட்களில் ஒரு நாளும் அவர் இத்தனை வசதியான உண்மையைக் கண்டதில்லை.

செயலாளர் என்ற முறையில் அவர் வாக்குமூலம் கொடுத்தார். இறங்கும்படி எவராலும் சொல்லப்படவில்லை. இறந்தவரிடம் மதுவின் வாடை உணரப்பட்டது. ஆலை அலுவலகத்தில் அவர் வாழ்நாளெல்லாம் எழுதிய வாக்கியங்கள் இத்தகையவையே. முடிவு செய்யப்பட்டது, அறிவுறுத்தப்பட்டது, நீக்கப்பட்டார். ஜமால் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கயிற்றைச் சரியாகக் கட்டாதவன் என்று மட்டும் அவனை ஒருவர் அதட்டி அனுப்பினார்.

நிச்சயதார்த்தம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் குறித்த வேளையில் நடந்தது. அடக்கம் திங்கட்கிழமை நடந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைக் குறித்துக் கமிட்டியில் ஒருவர் எழுந்து நற்சாட்சி சொல்வார். அவர் எப்படி வாழ்ந்தார், விசுவாசத்தில் நின்றாரா என்பதைச் சபை அந்த வாயிலிருந்து கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டெர்லின் அதே பீடத்தின்முன் நின்று, இனிக் குடிப்பதில்லை என்று பொருத்தனை செய்திருந்தான். அன்று அவன் தலைமேல் கை வைத்து ஜெபித்தவர்களில் தனசீலனும் ஒருவர். ஆகையால் போதகர் அவரையே பார்த்தார். தனசீலன் தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினார். போதகர் சற்றுத் தயங்கிவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

நற்சாட்சி சொல்லப்படாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னாள்:

"பின்வாங்கிட்டானாம்."

"சாவுததும் குடிச்சிட்டுத்தானாம். பொருத்தன பண்ணினவன்!"

"பாவம், அந்தப் பொட்டப்புள்ளைய எப்பிடிக் கட்டிக் குடுப்பா?"

அதை ஜெனி கேட்டாள். பக்கத்தில் நின்ற லிசாவும் கேட்டாள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்ட பிறகு, எல்லோரும் கை கழுவிக்கொண்டிருக்கையில், ஜெனி தனசீலனிடம் வந்தாள். அவள் அழவில்லை, மூன்று நாளாக அழுது முடித்திருந்தாள்.

"அய்யா, நீங்க அங்கனதான நின்னீங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவுக குடிச்சிருந்தாகளா?"

தனசீலன் வாயைத் திறந்தார். "எனக்குச் சரியாத் தெரியலம்மா," என்றார்.

"காலைல எங்கையால பழயதுதான் குடிச்சிட்டுப் போனாக. எம்மவ வாசல் வரைக்கும் வந்து முத்தம் குடுத்து அனுப்புனா. வாட அடிச்சிருந்தா அவ சொல்லமாட்டாளா? ஆனா நாங்க சொன்னா யாரு அய்யா கேக்குதா? நீங்க சொன்னாக் கேப்பாக." அவள் லிசாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். "குடிகாரன் மவளுன்னு எம்புள்ளையச் சொல்லப்பிடாது. அவ்வளவுதான்."

வீட்டுக்குத் திரும்பியதும் தனசீலன் சாப்பிட உட்கார்ந்தார். ஏஞ்சலம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் அடுக்களை ஜன்னல்ல நின்னேன்," என்றாள்.

அவர் தலை நிமிரவில்லை.

"கையக் காட்டினீக. ரெண்டு மட்டம்."

"வாயத் திறந்து சொல்லலியே ஏஞ்சலு."

"அவன் ஒங்க வாயப் பாக்கலியே. கையத்தான பாத்தான்." அவள் குழம்பை ஊற்றினாள். "என்னைய யாரும் கேக்கல. கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். அத இப்பமே சொல்லிருதேன்."

தனசீலன் கை கழுவிவிட்டு மேசைக்குப் போனார். அகராதி சனிக்கிழமை விட்ட பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. அந்தச் சொல்லை மீண்டும் படித்தார். இத்தனை விளக்கத்திலும், செய்பவன் யார் என்ற கேள்விக்கு ஒரு வரியும் இல்லை. 'செய்தல்' என்ற வேரிலிருந்து பிறந்து, செய்பவனை வழியிலேயே எங்கோ விட்டுவிட்டு வந்து சேர்ந்த சொல் அது. அதே வேரில் பிறந்த உறவுச் சொற்களைக் கீழே தந்திருந்தார்கள். ஃபாக்டரி, செய்யும் இடம். ஃபேக்ட், முதலில் 'செய்யப்பட்ட செயல்' என்றே பொருள்பட்டு, பிறகுதான் 'உண்மை' ஆனது. ஒரு செயல் நடந்து முடிந்த பிறகு அதை உண்மை என்று அழைக்கிறார்கள். நடப்பதற்கு முன் செய்யக்கூடியது என்று அழைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தான்.

அவர் ராஜகுமாருக்குப் போன் செய்து, வாக்குமூலத்தை மாற்றப் போவதாகச் சொன்னார்.

"பைத்தியமா அண்ணாச்சி? இந்த வயசுல உள்ள போகணுமா? நீங்க மாட்டுனா நானும்லா மாட்டுவேன்! எம்பொண்ணுக்கு இப்பத்தான் முடிஞ்சிருக்கு."

"அவனுக்கும் பொண்ணு இருக்கு, ராஜகுமார்."

"நான் ஒண்ணும் எறங்கச் சொல்லலியே. நீங்கதான கையக் காட்டினீங்க!"

"ஆமா. அதத்தான் சொல்லப் போறேன்," என்று தனசீலன் போனை வைத்தார்.

மறுநாள் காலை அவர் சீத்தா கேம்ப்புக்குப் போனார். சந்து குறுகலாக இருந்தது. ஜெனியின் வீட்டில் ஜமால் இருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து வெளியே போகப் பார்த்தான்.

"நீயும் இருப்பா," என்றார் தனசீலன். உட்காரச் சொல்ல யாரும் இல்லாததால் நின்றபடியே பேசினார். "ஜெனி, அவன் குடிக்கல. போலீஸ்ல நான் பொய் சொல்லியிருக்கேன். மாத்தப் போறேன். நீயும் வரணும்."

ஜெனி அவரை நெடுநேரம் பார்த்தாள். கண் சிவந்தது, எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்று ஜமால் நினைத்து ஓர் அடி முன்னே வந்தான். அவள் லிசாவைப் பக்கத்து வீட்டு மதீனா பீவியிடம் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். தனசீலனும் ஜமாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்கள்.

போலீஸ் நிலையத்தில் இருந்த பெண் அதிகாரி முதலில் நம்பவில்லை. பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"காகா, சோச் லோ. கேஸ் ஆப்கே ஊபர் ஆயேகா. ஆஜ் கர் நஹீன் ஜா பாவோகே ஷாயத்." யோசித்துக்கொள்ளுங்கள், வழக்கு உங்கள்மேல் வரும், இன்று வீடு திரும்ப முடியாமல் போகலாம் என்பதை அவர் தணிந்த குரலில்தான் சொன்னார்.

"மாலூம் ஹை, மேடம்," என்று தெரிந்தே வந்ததைச் சொன்னார் தனசீலன்.

அதிகாரி மராத்தியில் எழுதத் தொடங்கினார். அவர் கேட்டதற்கெல்லாம் தனசீலன் பதில் சொன்னார். யார் கூப்பிட்டது, யார் தீர்மானித்தது, யார் பக்கத்தில் நின்றது. ஒவ்வொரு கேள்வியும் 'யார்' என்றே தொடங்கியது. ஜமால் சொன்னதையும் இம்முறை எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்ததும் அதிகாரி அதை உரக்கப் படித்தார். ஜெனிக்கு மராத்தி தெரியாது. அவள் படிக்கும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்லுங்க," என்றாள்.

அதிகாரி தாளைத் தனசீலனிடம் திருப்பி, சொல்லும்படி தலையசைத்தார். தனசீலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

"ஸ்டெர்லினை நான் போன்ல கூப்பிட்டேன். இறங்குற வேலைய விட்டுட்டேன்னு அவன் சொன்னான். நான் கேக்கல. ஆளை இறக்குறது குத்தம்னு எனக்குத் தெரியும். தொட்டி அடியில அடைச்சிருக்கு, வாளிக்கு ஆகாதுன்னு அவன் சொன்னான். என்னைப் பாத்தான். நான் கையைக் காட்டி அவனை இறங்கச் சொன்னேன்."

அதிகாரி தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். தனசீலன் அதைத் தொடாமல் மேலே சொன்னார்.

"அவன் குடிச்சிருக்கல. வாடை வந்துச்சுன்னு நான் முந்தி சொன்னது பொய்."

"இன்னொரு மட்டம் சொல்லுங்க," என்றாள் ஜெனி.

"அவன் குடிச்சிருக்கல."

"சத்தமா."

வரிசையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனசீலன் நிமிர்ந்து உட்கார்ந்து, சபையில் நற்சாட்சி சொல்லும் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஸ்டெர்லின் குடிச்சிருக்கல. பொருத்தனைய அவன் மீறல."

ஜெனி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அதயும் எழுதியாச்சா?"

தனசீலன் அதிகாரியிடம் கேட்டார். அதிகாரி தாளை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

"எழுதியாச்சு."

"அப்பம் கையெழுத்துப் போடுங்க," என்றாள் ஜெனி.

அவர் போட்டார்.